கண்ணகி நகர் சுவர் ஓவியங்கள்: ஒரு பழைய பேனர் ஆர்ட்டிஸ்டின் மார்க்

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பைத் தூக்கிச் சாப்பிடும்வரை அண்ணா சாலையில் சினிமா பேனர் வரைந்தவன் நான். அதனால் முகம் வரைந்த சுவரைப் பார்த்தால் குறை கண்டுபிடிக்கத்தான் முதலில் தோன்றும்.

துரைப்பாக்கத்தில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே போனால் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் சுனாமி அடித்த கடலோரத்திலிருந்தும் ஜனங்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். 2020-இல் தெரு ஓவியங்களுக்கான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து பிளாக்குகளின் பக்கச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தார்கள்.

நம்மூர் சுவர் ஓவியர் ஏ-கில் (A-Kill) வரைந்த, பிள்ளைகளின் முகத்துக்காகத்தான் போனேன். இந்த ஏரியாப் பிள்ளைகளாம். சிரிப்பு வரைவது லேசு இல்லை, பல்லில் வந்து மாட்டிக்கொள்வோம். வெள்ளை கொஞ்சம் கூடினால் பல்செட், கோடு போட்டுப் பிரித்தால் சோளக்கதிர். கட்டம் போட்டு, கரியால் கோடிழுத்து, சாரத்தில் தொங்கிக்கொண்டு இதில் நானே எத்தனை ஹீரோக்களைக் கெடுத்திருக்கிறேன்! இங்கே சிரிப்பு சிரிப்பாகவே நிற்கிறது. ஸ்ப்ரே கேனில் இப்படி ஒரு சாஃப்ட் வருமா என்று பொறாமையாக இருந்தது. பூவும் பறவையும் போட்ட மற்ற சுவர்கள் அழகுதான், ஆனால் அவை எந்த ஊரிலும் இருக்கலாம்.

ஒரு மார்க் எங்கே குறைத்தேன் என்றால், அந்தப் பிள்ளைகள் யார், எங்கிருந்து வந்த குடும்பம் என்று ஒரு வரி எழுதிய பலகை என் கண்ணில் படவில்லை. கதை வேண்டுமென்றால் கீழே இட்லிக் கடையில்தான் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தேன். "வெளிய படம் சூப்பரு சார். அப்படியே மேல வந்து எங்க பாத்ரூம் சுவத்தையும் பாருங்க, தண்ணி ஊறி உப்பு பூத்துக் கெடக்குது" என்றார் கடைக்கார அம்மா. முன்பு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். சிந்தாதிரிப்பேட்டை, கூவம் கரை. அப்போது தேவி தியேட்டர் பக்கம் கட்டவுட் வரைந்தவன் நான் என்றேன்.

"அந்தக் கட்டவுட்டா? அது நெழல்லதான சார் எங்கம்மா இட்லி சுட்டாங்க."

ஐந்துக்கு நாலு. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். இட்லிக்குத் தனி மார்க்.