செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தட்டுவடை செட் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்தின் முனையில், மாலை நான்கரை மணிக்கு வந்து நிற்கும் தள்ளுவண்டிக் கடைக்கு ஆறு ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. கடையை நடத்துபவரை எல்லோரும் அக்கா என்றே அழைக்கிறோம்.

ஒரு செட் 30 ரூபாய். ஒரு தட்டுவடையில் பூண்டு மணக்கும் காரச் சட்னியையும் இன்னொன்றில் புதினா, மல்லிச் சட்னியையும் தடவி, நடுவில் துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் வெங்காயத்தையும் வைத்து, எலுமிச்சை பிழிந்து மூடித் தருகிறார். தட்டுவடை நமத்துப்போகும் முன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால், முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கும் வழக்கம் இவரிடம் இல்லை. காரச் சட்னியில் வினிகர் வாடை இல்லை. அன்றைக்கு அரைத்தது அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. தட்டுவடையை நொறுக்கிச் சட்னியோடு கலந்து தரும் நொறுக்கலும் நன்றாக இருக்கும், ஆனால் என் வாக்கு பூண்டு செட்டுக்குத்தான்.

சுத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் குழாய் இல்லை. மூன்று குடம் தண்ணீர் வீட்டிலிருந்து வண்டியோடு வருகிறது. அதில் தட்டுக் கழுவினால் நன்றாக இராது என்று, செலவானாலும் வாழையிலைத் துண்டிலேயே பரிமாறுகிறார். முன்பு தட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தவர்தான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு இலைக்கு மாறி, அதையே நிலைப்படுத்திக்கொண்டார்.

இக்கடையின் குறை என்று பலர் என்னிடம் சொல்வது, முன்னறிவிப்பின்றி சில நாள் திறப்பதில்லை என்பது. காரணத்தை ஒருநாள் வண்டிக்குப் பின்னால் நின்றபோது பார்த்தேன். மடித்த அட்டைப்பெட்டியின் மேல் ஐந்தரை மணி நேரம் நின்றே வேலை செய்கிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. துருவிய பீட்ரூட்டின் சாயம் ஏறிய விரல்களால் அந்தக் காலை அழுத்திக் காட்டினார். குழி விழுந்தது, உடனே மேலெழவில்லை. கட்டணக் கழிப்பறை தொலைவில் இருக்கிறது, கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. “இந்தக் கோடையில ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்துடுச்சு தம்பி” என்றார். சேலத்து ஏப்ரல் வெயிலில், காலையில் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி, பகலெல்லாம் சட்னி அரைத்துவிட்டு, மாலையில் வாகனப் புகையின் நடுவே தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்பவருக்கு வேறென்ன வரும்? கடை திறக்காத நாள் அவருக்கு விடுப்பு அன்று, வருமானம் அற்ற நாள்.

முன்பு தண்டலுக்குக் கடன் வாங்கியிருக்கிறார்: 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூல். கடை போடாத நாளிலும் தண்டல்காரர் வந்துவிடுவார் என்பதால் வீங்கிய காலோடு நின்ற நாள்கள் பல. 2020 ஜூனில் மத்திய அரசின் சாலையோர வியாபாரிகள் கடன் திட்டம் வந்த பின், முதல் தவணையாக 10,000 வாங்கி ஓராண்டில் அடைத்து, அடுத்து 20,000 பெற்றார். இப்போது உடம்புக்கு முடியாத நாளில் வீட்டில் இருக்க முடிகிறது. அந்த வகையில், நாம் குறை சொல்லும் பூட்டிய நாள்கள் அவருக்குக் கிடைத்த முன்னேற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

சாலையோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்கவும், இடமாற்றம் செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தரவும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளுக்கே ஒதுக்கவும் சொல்கிறது. அக்காவின் வியாபாரி அடையாள அட்டை சட்னிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நெகிழி உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒரு குழாயும், இரவு பத்து வரை திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் அந்தச் சந்துக்கு வந்தால்தான் இக்கடைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். இப்போது குறைத்த மதிப்பெண் அவருடையது அல்ல.

போன மாதம் எதிர்ப் பட்டறைக்காரர் உயரமான மர ஸ்டூல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கூட்டம் குறைந்த நேரத்தில் அதில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறார். ஆறு மணிக்குள் சென்றால் அவசரமில்லாமல் சாப்பிடலாம். எட்டு மணிக்கு மேல் பூண்டு செட் இருக்காது.