நேர்மேற்கோளா, சொந்தச் சொற்களா?

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையைப் பற்றிக் கட்டுரை எழுதும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர், சான்றை அவருடைய சொற்களிலேயே தருவதா, தம் சொற்களில் சுருக்கித் தருவதா என்று முடிவு செய்தாக வேண்டும். கறுப்பின மக்களுக்கு நாடு தந்த வாக்குறுதியை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்த காசோலையாக அவர் உருவகிக்கும் இடத்தில் நேர்மேற்கோள்தான் எடுபடும்; 'உரிமை மறுக்கப்பட்டது' என்று சுருக்கினால் செய்தி மிஞ்சும், உருவகம் போய்விடும். அந்தக் காசோலையில் உள்ள ஏளனமும் அதோடு போய்விடும். அடிமை விடுதலைப் பிரகடனத்துக்குப் பின் நூறாண்டு கழிந்ததை அவர் நினைவூட்டும் பகுதியை வரலாற்றுப் பின்னணிக்காக மட்டும் எடுத்தாள்வதென்றால், 1863 என்ற ஆண்டோடு ஒரு வரிச் சுருக்கமே போதும்.