எம்35ஏ2 லாரி வைத்திருப்பவர்களே, ‘ஏர் எடுத்தாச்சு’ என்ற பில்லை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட 2½ டன் எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்து ஓட்டுபவர்களுக்கு இது. அமெரிக்காவில் உள்ள ஒரு லாரி ஒர்க்‌ஷாப், பிரேக் ஆயில் முழுக்க மாற்றி ஏர் எடுத்ததாக (ஆயில் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றியதாக) முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தது. பெடலோ பஞ்சு மாதிரி அமுங்கியது. அடியில் போய்ப் பார்த்தால், ஏர் பேக்கில் (காற்றின் பலத்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் கருவி) ஏர் வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் ஸ்பேனரே படவில்லை. பழைய பெயின்ட் அப்படியே மூடியிருந்தது. பெடலை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஊற்றியிருந்தது டாட் 3 வகை ஆயில்; இதில் இருக்க வேண்டியது டாட் 5.

இது வெறும் கூலித் தகராறு இல்லை. இந்த வண்டியில் ஆறு டிரம்முக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயில் சர்க்யூட்தான். எங்கே பிய்த்துக்கொண்டாலும் ஆறு வீலிலும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி ஓடுகிற வண்டியை நிறுத்த முடியாது.

முழு ஏர் பிரேக் லாரிகளில் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இதில் காற்று நேராக வீலுக்குப் போவதில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஆயிலை சேசிஸில் உள்ள ஏர் பேக், காற்றின் பலத்தால் இன்னும் அழுத்தி வீல் சிலிண்டருக்குத் தள்ளுகிறது. அதற்குள் ஏர் தங்கிவிட்டால், ஆறு வீலிலும் எத்தனை முறை நிப்பிளைத் திறந்தாலும் பெடல் கெட்டிப்படாது.

ஆயில் விஷயம் இதைவிட மோசம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் தன் வண்டிகளைச் சிலிகான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5-க்கு மாற்றியது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. பெயரில் 5 இருப்பதால் 5.1-ஐ ஊற்றிவிடுகிறார்கள், ஜாக்கிரதை. சிலிகானும் கிளைகாலும் கலக்காது. ஊதா நிறத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள், நாள்பட்டால் வெளுத்துவிடும். ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்: கிளைகால் கரையும், சிலிகான் மேலே மிதக்கும். இரண்டும் கலந்திருந்தால் மேலாக ஊற்றி ஒப்பேற்ற முடியாது. லைன்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஏர் பேக் எல்லாவற்றுக்கும் ரப்பர் மாற்ற வேண்டும். பெட்ரோலோ டீசலோ விட்டுக் கழுவினால் ரப்பர் உப்பிவிடும்.

சரியான முறை இது. வீல்களுக்குக் கட்டை போட்டு, காற்றுத் தொட்டிகளைக் காலி செய்யுங்கள். ஒரு காலன் டாட் 5 கையில் இருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். முதலில் ஏர் பேக். அடுத்து பின்கடைசி வலது, பின்கடைசி இடது, நடு வலது, நடு இடது, முன் வலது, முன் இடது. நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். நிப்பிளைத் திறந்து பெடலை மெதுவாக அமுக்கி, நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். வேகமாகப் பம்ப் அடித்தால் சிலிகானில் பொடிக் குமிழிகள் உண்டாகும், அவை அடங்க வெகுநேரம் பிடிக்கும். ஆயிலைக் குலுக்கவும் கூடாது. பெடலை மிதிக்காமல் ஆயிலை அழுத்தி அனுப்பும் பிரஷர் கருவி இருந்தால் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். மாஸ்டர் சிலிண்டர் வேலையின் நடுவில் வற்றினால் மறுபடி ஏர் பேக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பெடல் கீழே போனால், ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். இந்த டிரம்கள் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. ஷூ உரசும்வரை திருப்பி, வீல் தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமலேயே ‘இன்னும் ஏர் இருக்கிறது’ என்று இரண்டாவது முறை கூலி கேட்பார்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், ஏர் பேக் உள் சீல் போயிருக்கலாம். அதை ஏர் எடுத்துச் சரிசெய்ய முடியாது.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுமுன் ஆறு வீல், ஒரு ஏர் பேக் என ஏழு நிப்பிளிலும் சாக்பீஸ் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள்; கோடு கலையாமல் இருந்தால் அதைத் தொடவில்லை என்று தெரியும். ஆயில் டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுங்கள். காலி டப்பாவையும் வடித்த பழைய ஆயிலையும் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் காற்று இல்லாமல் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. பிறகு இன்ஜினை ஓட்டி, காற்று 100 பி.எஸ்.ஐ. தாண்டியதும் பலமாக மிதித்தபடி, ஆறு வீலிலும் ஏர் பேக்கிலும் ஈரம் தெரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.