டிங்கிள் வேயில் ஒரே ஒரு நாள்: எந்தப் பகுதியை நடப்பது?

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது டிங்கிள் தீபகற்பம். அதைச் சுற்றி வரும் நடைபாதைதான் டிங்கிள் வே. ட்ரலீ ஊரில் தொடங்கி அங்கேயே முடியும். மொத்தம் சுமார் 180 கிலோமீட்டர், நடக்க எட்டு நாள். அவ்வளவு விடுமுறை எல்லோருக்கும் கிடைக்காது. ஒரே ஒரு பகல் நடக்கலாம் என்று வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தீபகற்பத்தின் மேற்குப் பகுதி ஐரிஷ் மொழி இன்றும் வீட்டிலும் கடையிலும் புழங்குகிற நிலம். இப்படிப்பட்ட பகுதிகளை அயர்லாந்து அரசு கெயில்டாக்ட் என்று வரையறுத்திருக்கிறது. டிங்கிள் ஊரிலிருந்து மேற்கே போனால் மூன்று நாள் நடை இருக்கிறது: டிங்கிளிலிருந்து டன்குவின், டன்குவினிலிருந்து ஃபியோஹானா, அங்கிருந்து மலையேறி இறங்கி க்ளோஹேன். மூன்றுமே ஏறக்குறைய இருபது கிலோமீட்டரைத் தொடும். தூரம் ஒன்றுபோல இருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். அப்படி இல்லை.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது முதல் நாளை. காரணம் ஸ்லே ஹெட் முனை. ஊரை விட்டுக் கிளம்பும்போது கொஞ்ச தூரம் கார் ஓடும் சாலையில் போக வேண்டியிருக்கும், அது சலிப்புத்தான். வென்ட்ரி கடற்கரை வந்ததும் எல்லாம் மாறிவிடும். பிறை போல வளைந்த மணல், ஈரம் இறுகிய தரை, காலுக்கு இதம். அதைக் கடந்தபின் பாதை ஈகிள் மலையின் சரிவில் ஏறுகிறது. ஒரு பக்கம் கல்வேலி போட்ட வயல்கள், அவற்றுக்கு நடுவே சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே கட்டிய வட்டக் குடிசைகள். கீழே கடலோரத்தில் டூன் பெக் கோட்டை. அது நிற்கும் பாறை விளிம்பைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது, அண்மைப் புயல்களில் கோட்டையின் ஒரு பகுதியே சரிந்து விழுந்துவிட்டது.

முனையைச் சுற்றித் திரும்பினால் பிளாஸ்கெட் தீவுகள். பெரிய தீவில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்தவர்கள் ஐரிஷ் பேசியவர்கள். 1947இல் அங்கே ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலில் இறந்தார். புயலால் மருத்துவரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. இளையவர்கள் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1953 நவம்பரில் எஞ்சியிருந்தவர்களை அரசு வெளியேற்றியது. அவர்களுக்கு வீடு தரப்பட்ட டன்குவின் பக்கம் நின்று பார்த்தால், விட்டுவந்த ஊர் எதிரிலேயே தெரியும். சில கிலோமீட்டர் கடல்தான் இடையில். இந்தக் காட்சிக்காகவே முதல் நாளைத் தேர்ந்தெடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே காட்சிக்காகத்தான் கோடையில் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வருகின்றன. பாதை பெரும்பாலும் சாலைக்கு மேலே சரிவில் போவதால் தப்பலாம். சாலையோடு சேரும் இடங்களில் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். வழியில் காதில் விழுவதும் பயணிகளின் பேச்சே.

மூன்றாவது நாள் உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு. பிராண்டன் மலை 952 மீட்டர். உச்சிக்குப் பாதை போகாது, வடக்கே சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயைத் தாண்டும். அங்கே ஓகம் என்ற பண்டைய ஐரிஷ் எழுத்து வெட்டிய பழைய கல் ஒன்று நிற்கிறது. ஏறத் தொடங்குமுன் பிராண்டன் க்ரீக் என்ற குறுகிய கடல்வாயில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டன் இங்கிருந்துதான் மேற்கே கடலேறினார் என்பது மரபு. அது முடியக்கூடியதுதானா என்று பார்க்க, 1976இல் பிரிட்டிஷ் சாகசப் பயணி டிம் செவரின் மாட்டுத்தோல் போர்த்திய படகில் இங்கிருந்து கிளம்பி, அடுத்த ஆண்டு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர்ந்தார். எல்லாம் சரி, கணவாயில் மேகம் இறங்கிவிட்டால் வழிகாட்டும் அடுத்த கம்பம் கண்ணில் படாது. ஏறிவிட்டால் மறுபக்கம் இறங்கும்வரை சாலையும் இல்லை, வீடும் இல்லை. முந்தின இரவே முன்னறிவிப்பு தெளிவாக இருந்தால் ஒழிய, ஒரே ஒரு நாள் கையில் வைத்திருப்பவர் இதை நம்பிப் போகக் கூடாது.

என் ஓட்டு நடு நாளுக்கு, டன்குவினிலிருந்து ஃபியோஹானாவுக்கு. வழிகாட்டிகள் இதை இரண்டு பெரிய நாள்களுக்கு நடுவில் ஓய்வான நாள் என்று சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இது மக்கள் வாழும் கடற்கரை. டன்குவின் பள்ளியை 1970இல் அரசு மூடியபோது ஊர் அடங்கிப் போகவில்லை, போராடி 1973இல் திறக்க வைத்தது. அதைத் தாண்டினால் க்ளோஹர் கடற்கரை. அங்கே அலையின் இழுப்பு பயங்கரமானது, நின்று பார்க்கலாம், இறங்கக் கூடாது. பிறகு ஸ்மெரிக் வளைகுடாவின் மணற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சற்று விலகினால் டூன் அன் ஓர் கோட்டை: 1580இல் சரணடைந்த இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் சுமார் அறுநூறு பேரை ஆங்கிலப் படை வெட்டிக் கொன்ற இடம். இன்று கோட்டையில் மிஞ்சியிருப்பது புல்மேடு மட்டுமே. 1972இல் தொடங்கிய ஐரிஷ் வானொலியான ராய்டியோ ந கெயில்டாக்டாவின் நிலையம் ஒன்று பாலிடேவிட் ஊரில் இருக்கிறது. கோடையில் அயர்லாந்தின் மற்ற ஊர்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் மொழி படிக்க வந்து, இந்த வீடுகளில்தான் தங்குகிறார்கள். ஐரிஷை அதன் அன்றாடப் புழக்கத்தில் கேட்க மூன்று நாளில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கடையில் 'டியா க்விட்' என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். மீதியை ஆங்கிலத்தில் பேசினாலும், அந்த முயற்சியை அவர்கள் மதிப்பார்கள்.

ஏற்றமும் அதிகமில்லை. மழை பிடித்தால் நடுவிலேயே நிறுத்திவிட்டு ஏதாவது ஊருக்குள் போய்விடலாம். மலை நாளில் இந்த வசதி இல்லை.

கெயில்டாக்டுக்குள் சாலைப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டுமே இருக்கும், உங்கள் போனில் ஆங்கிலப் பெயர் இருக்கும். அதனால் இந்த நடையின் வழியிலும் பக்கத்திலும் உள்ள டன்குவின், பாலிஃபெரிட்டர், பாலிடேவிட், ஃபியோஹானா ஆகிய ஊர்கள் நான்கின் ஐரிஷ் வடிவத்தையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைக்குக் கறுப்புக் கம்பத்தில் மஞ்சள் நடைமனிதன் அடையாளம். காலையில் டிங்கிளிலிருந்து டாக்சியில் டன்குவின் போய் இறங்கி நடக்கத் தொடங்கினால், ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. திரும்பி வரும் வண்டியையும் அப்போதே பேசி வைத்துவிடுங்கள்.