காற்றா, எடையா: காரின் எரிபொருளைத் தின்பது எது?

எரிபொருளை மிச்சப்படுத்த கார் வடிவமைப்பாளர்கள் எஞ்சினுக்கு வெளியே நம்பியவை இரண்டு: காற்று வழுக்கிச் செல்லும் உருவம், இளைத்த உடல். இரண்டில் உருவத்தின் பக்கமே நான் நிற்கிறேன்.

அது பழைய அறிவு என்பதே வியப்பு. ஜெர்மனியில் எட்மண்ட் ரும்ப்ளர் 1921இல் நீர்த்துளி வடிவக் கார் ஒன்றைக் காட்டினார். 1979இல் ஃபோக்ஸ்வாகனின் காற்றுச் சுரங்கத்தில் அதைச் சோதித்தபோது இழுவைக் கெழு 0.28 என்று வந்தது; ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண் இது, குறையக் குறைய நல்லது. இன்றைய கார்களிலும் பல அதை எட்டுவதில்லை! ஆனால் வாங்குபவர்களின் கண்ணுக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை. 1934இல் வந்த கிறைஸ்லர் ஏர்ஃப்ளோவும் அப்படித்தான் தோற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே காற்றுக்கு மரியாதை கிடைத்தது. 1982இல் ஆடி 100, ஜன்னல் கண்ணாடிகளை உடலோடு சமமாகப் பொருத்தி 0.30ஐத் தொட்டது.

எடையைக் குறைப்பதன் பலன் நகரத்தில் தெரியும். நின்று நின்று கிளம்பும்போதெல்லாம் ஒவ்வொரு கிலோவையும் புதிதாகத் தள்ள வேண்டும். பிரேக் பிடித்தால் அந்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். உடல் இளைத்தால் எஞ்சினும் பிரேக்கும் சிறியவையாக இருந்தாலே போதும் என்பது கூடுதல் லாபம். ஆனால் அலுமினியமும் கார்பன் இழையும் மலிவானவை அல்ல. கார்பன் இழை உடலும் 795 கிலோ எடையும் 0.19 கெழுவும் கொண்ட ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 வெறும் 250 கார்களோடு நின்றுபோனது. தகட்டை வேறு விதமாக வளைப்பதற்கு அவ்வளவு செலவில்லை.

நெடுஞ்சாலையில் கணக்கே மாறிவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள், பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்புகின்றன. எடைக்காகச் செலவழித்ததில் கொஞ்சமாவது இப்படி மீளும். காற்றைக் கிழிக்கக் கொடுத்தது ஒரு துளியும் திரும்பாது. என் சாய்வுக்கு முதல் காரணம் இதுதான்.

1999இன் ஹோண்டா இன்சைட் இரண்டையும் சேர்த்தது: அலுமினிய உடல், மூடிய பின்சக்கரங்கள், 0.25 கெழு. அந்தக் காரை நினைத்தால் இன்றைய உயரமான எஸ்யூவிகள் மேல் கோபம் வருகிறது. அவற்றின் விளம்பரங்கள் கெழுவை மட்டும் சொல்கின்றன. காற்று எதிர்கொள்வதோ கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கி வரும் தொகையை. சுவர் போல் உயர்ந்த முகப்பு, கெழுவில் சிரமப்பட்டுச் சேர்த்ததையெல்லாம் கரைத்துவிடுகிறது.