ஒரே கார், மூன்று செட் டயர்: ஸ்டீயரிங்கில் நான் உணர்ந்தது

ஏழு வருடமாக ஒரே காரை ஓட்டுகிறேன். 1,10,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, இப்போது போட்டிருப்பது மூன்றாவது செட் டயர். ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட ஒரு பாகத்தைக்கூட இதுவரை மாற்றியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு செட்டிலும் வேறு வேறு காரை ஓட்டிய மாதிரிதான் இருந்தது.

காரோடு வந்தது 185/65 ஆர் 15 அளவில் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்), எரிபொருள் மிச்சத்துக்காகச் செய்யப்பட்ட டயர். 46,000 கிலோமீட்டர் தொல்லையில்லாமல் ஓடியது. கழற்றும்போது ட்ரெட், அதாவது தரையில் படும் ரப்பரில் உள்ள பள்ளங்களின் ஆழம், 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதே அளவில், சொகுசாக இருக்கும் என்று பலரும் சொன்ன வேறொரு டயரைப் போட்டேன். முதல் வளைவிலேயே எனக்குத் திக்கென்றது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் திரும்பியது. நேர்ச் சாலையில் லேசாக அசைத்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்கும் என்று மறுநாளே சோதிக்கக் கொடுத்தேன். எல்லா அளவும் சரியாகவே இருந்தது.

காரணத்தில் பாதி, நான் ஒப்பிட்ட விதத்தில் இருந்தது. புது டயரின் ட்ரெட் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். ரப்பர் கட்டைகள் அவ்வளவு உயரமாக நிற்கும்போது, பக்கவாட்டில் விசை வந்ததும் முதலில் அவைதான் வளைகின்றன. தேய்ந்த டயரில் கட்டைகள் குட்டை, வளைய அதிகம் இடமில்லை. நானோ தேய்ந்துபோன டயரிலிருந்து நேராகப் புதுசுக்கு வந்திருந்தேன். 15,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே டயர் நன்றாகவே கூர்மையானது. அதனால் புது டயரை முதல் வாரத்தில் எடை போடாதீர்கள். அதற்காகத் தேய்ந்த டயரை விடாமல் ஓட்டவும் வேண்டாம். மழையில் தண்ணீரை வெளியேற்ற அந்தப் பள்ளங்கள்தான் வேண்டும். பல நாடுகளில் சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர் என்றாலும், இரண்டாவது செட்டை 3 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிட்டேன்.

மீதிப் பாதி சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர். நாம் திருப்பும்போது முதலில் திரும்புவது ரிம். சைடுவால் கொஞ்சம் முறுக்கிக்கொண்ட பிறகுதான் தரையைத் தொடும் ரப்பர் பின்தொடர்கிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே ஒரு சிறு கோணம் உண்டாகும். அதைத்தான் ஸ்லிப் ஆங்கிள் என்கிறார்கள். அந்தக் கோணம் வந்தால்தான் டயர் காரைப் பக்கவாட்டில் தள்ளும். முழு விசையும் சேர, டயர் கொஞ்ச தூரம் உருள வேண்டும். சைடுவால் எவ்வளவு இளகியதோ, அவ்வளவு நேரம் பிடிக்கும். நான் உணர்ந்த தயக்கம் இதுதான்.

கையில் தெரியும் கனமும் பெருமளவு டயரிலிருந்தே வருகிறது. பக்கவிசை, தரையைத் தொடும் பகுதியின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் செயல்படுவதால், சக்கரம் தானாக நேராகப் பார்க்கிறது. பிடிமானம் எல்லையை நெருங்கும்போது, அது முடிவதற்குச் சற்று முன்பே இந்தக் கனம் குறையத் தொடங்கும். ஒருமுறை ஈரமான வளைவில் கை திடீரென்று லேசானது. உடனே வேகத்தைக் குறைத்தேன், கார் நழுவவில்லை. அன்றிலிருந்து கைக்கு எட்டும் இந்தத் தகவலைத்தான் டயரில் முதலில் பார்க்கிறேன்.

மூன்றாவதாக 195/55 ஆர் 16க்கு மாறினேன். காரின் கையேட்டில் இந்த அளவும் இருக்கிறது. சைடுவால் உயரம் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆனது. மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர் என்பதால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறவில்லை. லோடு இண்டெக்ஸ் 88லிருந்து 87, அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோவிலிருந்து 545 கிலோ. அளவு மாற்றுகிறவர்கள் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

பலன் முதல் நாளே தெரிந்தது, அதுவும் முழு ட்ரெட்டோடு. நடுவிலிருந்து சின்ன அசைவுக்கே மூக்கு திரும்பியது. நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது இரண்டாவது முறை திருத்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் சாலையில் நீளவாக்கில் பள்ளக் கோடுகள் இருந்தால் ஸ்டீயரிங் அவற்றின் பின்னால் இழுபடுகிறது. குழிகளும் உடம்பில் தெரிகின்றன.

காற்றழுத்தத்தையும் மாற்றிப் பார்த்தேன். பரிந்துரை 33 பிஎஸ்ஐ. 29ல் ஸ்டீயரிங் கனத்து, மந்தமாகிவிட்டது. 36ல் சுறுசுறுப்பு கூடியது, ஆனால் மேடுபள்ளத்தில் கார் துள்ளியது. 33க்கே திரும்பிவிட்டேன். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினாலே சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். அதனால் ஓட்டுவதற்கு முன்பு, டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்கிறேன்.

போன மாதம் நண்பரின் காரை ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். என் காரின் அதே மாடல்தான், 15 அங்குல ரிம், ஆனால் சைடுவால் விறைப்பான ஸ்போர்ட்ஸ் வகை டயர். திரும்பும் வேகத்தில் என் 16 அங்குலத்துக்கு அருகிலேயே வந்தது, குழியில் அடியும் குறைவு. என் பழைய 15 அங்குல ரிம்கள் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த செட்டை அவற்றில்தான் போடப் போகிறேன்.