கழுத்து வரை போவதா, நெஞ்சோடு நிறுத்துவதா?

என் அப்பா பாம்பன் கரையில் மீன் ஏலம் கூறுபவர். போன வருடம் அவருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பாதியில் புற்றுநோய் வந்தது. ஐந்து வாரம் கீமோவும் ரேடியேஷனும் முடிந்து, உடம்பு கொஞ்சம் தேறியதும், மதுரையில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் போலத் தைத்துக் கழுத்தில் இணைப்பது இரண்டுக்கும் பொது. புற்றுநோய் பரவக்கூடிய சின்ன முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களை எதுவரை எடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

வயிறு, நெஞ்சு இரண்டிலும் எடுப்பது ஒரு வழி. அதோடு கழுத்தின் இரண்டு பக்கமும் எடுப்பது இன்னொன்று. 1980களில் ஜப்பானில் வளர்ந்த முறை. இந்த நோய் கணுவுக்குக் கணு மேலும் கீழும் தாவும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. கட்டி மேல்பகுதியில் இருந்தாலோ, ஸ்கேனில் கழுத்துக் கணு தெரிந்தாலோ, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அப்பாவுக்கு இரண்டும் இல்லை.

எங்களை முடிவெடுக்க வைத்தது குரல் நரம்பு. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் கழுத்துக்கு ஏறுகிறது. கணுக்கள் அதை ஒட்டியே கிடக்கின்றன. கத்தி பட வேண்டியதில்லை, இழுபட்டாலே குரல் கம்மிவிடும். ஏலக்காரருக்குக் குரல்தான் பிழைப்பு. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. குரல்நாண் சரியாக மூடாவிட்டால் குடிக்கிற தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கும். அதை வெளியே தள்ள இருமலிலும் வலு இருக்காது. அப்படி நிமோனியா வந்து ராத்திரியில் மூச்சு முட்டினால், பாம்பனிலிருந்து மதுரை மூன்று மணி நேரத்துக்கு மேல். கழுத்திலும் கணு தேடினால் இந்த ஆபத்து கூடும் என்றார் டாக்டர்.

உணவுக்குழாயின் நடுவிலோ கீழோ கட்டி இருந்த 400 பேரை இரண்டு பிரிவாக்கிச் சீனாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கழுத்துக் கணுக்களையும் எடுத்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. அப்புறம் எங்களுக்குத் தயக்கமே இல்லை, நெஞ்சோடு நிறுத்தச் சொன்னோம். குறைந்தது 15 கணுக்களாவது பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பார்கள்; அப்பாவுக்கு 22 கிடைத்தன.

நெஞ்சோடு நிறுத்தினால் நரம்புக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவுக்கும் மூன்று வாரம் குரல் கம்மித்தான் இருந்தது. கழுத்து வரை எடுத்துக்கொண்ட யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. நான் சொல்வது ஒரு வீட்டு அனுபவம் மட்டுமே.

இப்போது காலையில் கரைக்குப் போகிறார், நண்டுக் கூடைக்கு அவரே ஏலம் கூறுகிறார். சோறுதான் ஒருவேளைக்கு அரைத்தட்டுக்கு மேல் இறங்குவதில்லை. இரைப்பை சுருங்கிவிட்டதால், எந்த வழியில் போயிருந்தாலும் அது அப்படித்தான்.